கேட்காமல் உண்ணவும் வேண்டாம், கேட்காமல் நிறுத்தவும் வேண்டாம்

கருவுற்ற பெண் இருக்கும் வீட்டில் பப்பாளிப் பழத்துக்கு இடமில்லை. அன்னாசிக்கும் எள்ளுக்கும்கூடத் தடை உண்டு. பாட்டி முதல் பக்கத்து வீட்டார் வரை அனைவரும் அந்தத் தடைக்குக் காவல் நிற்கிறார்கள். ஆனால், அதே பெண்ணுக்கு இடுப்பு வலி வந்தால், தெருமுனை மருந்துக்கடையில் 'வலிக்கு இரண்டு மாத்திரை' என்று கேட்டு வாங்கி வர எவரும் தயங்குவதில்லை. கடைக்காரர் அட்டையிலிருந்து கத்தரித்துக் கொடுக்கும் அந்த மாத்திரையின் பெயர் வாங்கியவருக்கும் தெரியாது, உண்பவருக்கும் தெரியாது. உண்ணப்போகிறவர் கர்ப்பிணி என்பது கொடுத்தவருக்கும் தெரியாது.

இதற்கு நேர்மாறான காட்சியும் உண்டு. வலிப்பு நோய்க்கோ தைராய்டு குறைபாட்டுக்கோ பல ஆண்டுகளாக மாத்திரை உண்டுவரும் பெண், கருவுற்றது தெரிந்த அன்றே அதை நிறுத்திவிடுகிறார். வயிற்றிலுள்ள பிள்ளைக்கு ஆகாது என்ற எண்ணம்தான் காரணம். மருத்துவரிடம் சொல்வதுமில்லை.

முதலாவது அலட்சியம், இரண்டாவது அச்சம். கர்ப்ப காலத்தில் மருந்து குறித்து நம் சமூகம் எச்சரிக்கை விடுக்கும்போதெல்லாம் முதலாவதைப் பற்றி மட்டுமே பேசுகிறது. ஆனால், தாய்க்கும் சேய்க்கும் ஊறு விளைவிப்பதில் இரண்டாவதும் சளைத்ததன்று. 'கேட்காமல் உண்ணாதே' என்பது பாதி உண்மை. 'கேட்காமல் நிறுத்தாதே' என்பதையும் சேர்த்தால்தான் அது முழுமை பெறும்.

தாலிடோமைட் கற்பித்த பாடம்

தாயின் உடலுக்கும் கருவுக்கும் இடையே நஞ்சுக்கொடி ஓர் அரண்போல நிற்கிறது என்றும், தாய் உண்ணும் மருந்து கருவை எளிதில் அடையாது என்றும் மருத்துவ உலகமே ஒரு காலத்தில் நம்பியிருந்தது. அந்த நம்பிக்கையை உடைத்தது தாலிடோமைட் என்ற மருந்து. மேற்கு ஜெர்மனியில் 1957இல் தூக்க மருந்தாக அது விற்பனைக்கு வந்தது. மிகவும் பாதுகாப்பானது என்று விளம்பரம் செய்யப்பட்டதால், கர்ப்ப கால வாந்திக்கும் குமட்டலுக்கும் பெண்கள் அதை உண்டனர். 40க்கும் மேற்பட்ட நாடுகளில் அது பரவியது.

கைகளும் கால்களும் வளர்ச்சி குன்றிய குழந்தைகள் அடுத்தடுத்துப் பிறக்கத் தொடங்கின. ஜெர்மனியில் விடுகிண்ட் லென்ஸ், ஆஸ்திரேலியாவில் வில்லியம் மெக்பிரைடு ஆகிய மருத்துவர்கள் 1961இல் தனித்தனியே காரணத்தைச் சுட்டிக்காட்டினர். அந்த ஆண்டு நவம்பர் இறுதியில் ஜெர்மனியில் மருந்து திரும்பப் பெறப்பட்டது. அதற்குள் உலகெங்கும் 10,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் பாதிக்கப்பட்டிருந்தனர். அமெரிக்காவில் பேரிழப்பு தவிர்க்கப்பட்டது. அந்நாட்டு உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தில் பணியாற்றிய பிரான்சிஸ் கெல்சி என்ற பெண் அதிகாரி, பாதுகாப்புக்கான சான்று போதாது என்று கூறி, மருந்து நிறுவனத்தின் நெருக்குதலையும் மீறி அனுமதி மறுத்ததே அதற்குக் காரணம்.

தாலிடோமைட் கற்பித்த பாடங்கள் இரண்டு. தாய்க்குத் தீங்கு செய்யாத மருந்து சேய்க்கும் தீங்கு செய்யாது என்று கொள்ள முடியாது என்பது ஒன்று. எவ்வளவு உண்டோம் என்பதைப்போலவே எந்த நாளில் உண்டோம் என்பதும் முக்கியம் என்பது மற்றொன்று. கருத்தரித்த ஏறத்தாழ 20ஆம் நாளிலிருந்து 36ஆம் நாள் வரை தாலிடோமைட் உண்ட பெண்களின் குழந்தைகளே பெரிதும் பாதிக்கப்பட்டன. அந்த நாள்களில் ஒரே ஒரு மாத்திரைகூடப் போதுமானதாக இருந்தது.

நாள் கணக்கு ஏன் முக்கியம்?

கருத்தரித்த 3ஆம் வாரத்திலிருந்து 8ஆம் வாரம் வரைதான் இதயம், கை கால்கள், கண், காது முதலிய உறுப்புகள் உருப்பெறுகின்றன. மூளையாகவும் தண்டுவடமாகவும் மாறவிருக்கும் நரம்புக்குழல், கருத்தரித்த 28ஆம் நாளுக்குள் மூடிக்கொள்கிறது. மருத்துவர்கள் கடைசி மாதவிலக்கு நாளிலிருந்து கர்ப்பத்தைக் கணக்கிடுவதால், அவர்களின் கணக்கில் அது ஆறாவது வாரம். மாதவிலக்கு தள்ளிப்போன பிறகு 'இன்னும் இரண்டு வாரம் பார்ப்போம்' என்று ஒரு பெண் காத்திருந்தால், தான் கருவுற்றிருப்பதை அவர் அறியும் முன்பே அந்தக் குழல் மூடியிருக்கும்; அல்லது மூடாமலே போயிருக்கும்.

ஃபோலிக் அமிலத்தைக் கருத்தரிப்பதற்கு முன்பே உண்ண வேண்டும் என்று மருத்துவம் வற்புறுத்துவதன் காரணம் இதுவே. நரம்புக்குழல் குறைபாடுள்ள குழந்தையை முன்பு பெற்ற தாய்மார்களிடையே பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் நடத்திய ஆய்வு 1991இல் வெளியானது. கருத்தரிப்பதற்கு முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் உண்டவர்களிடையே அக்குறைபாடு மீண்டும் நேர்வது 72 விழுக்காடு குறைந்ததை அது உறுதிசெய்தது. எல்லாப் பெண்களும் கருத்தரிக்க ஒரு மாதம் முன்னதாகத் தொடங்கி, முதல் மூன்று மாதங்கள் முடியும்வரை நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் உண்ண வேண்டும் என்பது இன்றைய பரிந்துரை. முன்பு இத்தகைய குழந்தையைப் பெற்றவர்கள், வலிப்பு நோய்க்கு மருந்து உண்பவர்கள், நீரிழிவு உள்ளவர்கள் ஆகியோருக்கு மருத்துவர் கூடுதல் அளவைப் பரிந்துரைக்கலாம். மூன்றாம் மாதத்தில் மருத்துவமனைக்கு முதன்முறை செல்லும் பெண்ணுக்கு அரசு மாத்திரை கொடுக்கிறது. ஆனால், நரம்புக்குழலைப் பொறுத்தவரை அது காலங்கடந்த உதவி.

முதல் மூன்று மாதங்களோடு ஆபத்து நீங்கிவிடுவதுமில்லை. மூளையின் வளர்ச்சியும் சிறுநீரகங்களின் செயல்பாடும் கடைசி மாதம் வரை தொடர்கின்றன. எனவே சில மருந்துகள் தொடக்கத்தில் ஆகாதவை. வேறு சில பின்னாளில் ஆகாதவை.

வீட்டிலேயே இருக்கும் மருந்துகள்

கர்ப்பிணிக்கு ஆகாத மருந்துகள் எங்கோ பெரிய மருத்துவமனையில் மட்டும் இருப்பவையல்ல. ஐபுபுரூபென், டைக்லோபெனாக் போன்ற வலி நிவாரணிகள் பெரும்பாலான வீடுகளின் மருந்து டப்பாவில் இருக்கின்றன. இவற்றை 20 வாரங்களுக்குப் பிறகு உண்டால் கருவின் சிறுநீரகங்கள் பாதிக்கப்பட்டுப் பனிக்குட நீர் குறையக்கூடும் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2020இல் எச்சரித்தது. கடைசி மூன்று மாதங்களில் இவை கருவின் இதயத்தை ஒட்டிய முக்கிய ரத்தக் குழாய் ஒன்றை உரிய காலத்துக்கு முன்பே மூடச் செய்யலாம். ஆஸ்பிரினும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஆயினும், கர்ப்ப கால உயர் ரத்த அழுத்த நோயைத் தடுக்க மருத்துவரே குறைந்த அளவு ஆஸ்பிரினைப் பரிந்துரைப்பதுண்டு. அதைப் பயந்து நிறுத்திவிடக் கூடாது.

உயர் ரத்த அழுத்தத்துக்கு உண்ணும் எனலாப்ரில், ராமிப்ரில், லோசார்டன், டெல்மிசார்டன் வகை மாத்திரைகள் கருவின் சிறுநீரகங்களைச் செயலிழக்கச் செய்யக்கூடியவை. முகப்பருவுக்கு உண்ணும் ஐசோட்ரெடினாயின் மாத்திரை, அறியப்பட்ட மருந்துகளில் கருவுக்கு மிகக் கொடியவற்றுள் ஒன்று. அதை நிறுத்திக் குறைந்தது ஒரு மாதம் கழிந்த பிறகே கருத்தரிக்க வேண்டும். டெட்ராசைக்ளின் வகை நுண்ணுயிர்க்கொல்லிகள் குழந்தையின் பற்களில் நிலையான கறையை ஏற்படுத்தும். மூட்டுவாதத்துக்கு உண்ணும் மெத்தோட்ரெக்சேட், ரத்தம் உறையாதிருக்க உண்ணும் வார்ஃபரின் ஆகியவையும் இந்தப் பட்டியலில் உண்டு.

மூலிகை என்பதாலேயோ பாட்டி வைத்தியம் என்பதாலேயோ ஒரு பொருள் தீங்கற்றதாகிவிடாது. உடலில் வேலை செய்யும் எந்தப் பொருளும் கருவிலும் வேலை செய்யக்கூடும். எந்த மருத்துவ முறையாயினும், என்ன இருக்கிறது என்று உறையில் எழுதப்படாத பொடியையும் சூரணத்தையும் கர்ப்பிணி உண்ணாதிருப்பதே நன்று.

நிறுத்துவதும் ஆபத்தே

இரண்டு தவறுகளையும் ஒருசேர விளக்கும் மருந்து ஒன்றுண்டு. அது வலிப்பு நோய்க்கும் சில மனநோய்களுக்கும் தரப்படும் வால்ப்ரோயேட். கர்ப்ப காலத்தில் இதை உண்ட தாய்மார்களின் குழந்தைகளில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்குப் பிறவிக் குறைபாடும், நூற்றுக்கு 30 முதல் 40 பேருக்கு மூளை வளர்ச்சி தொடர்பான சிக்கலும் ஏற்படுவது தெரியவந்துள்ளது. கருத்தரிக்கும் வயதுடைய பெண்களுக்கு இதைத் தரக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகிறது.

இதைப் படித்துவிட்டு, கருவுற்ற பெண் ஒருவர் நாளை காலை அந்த மாத்திரையைத் தூக்கி எறிந்தால் என்ன ஆகும்? திடீரென நிறுத்தினால் கடுமையான வலிப்பு தொடர்ச்சியாக வரலாம். வலிப்பின்போது தாய் கீழே விழலாம். மூச்சு தடைப்பட்டுக் கருவுக்கு உயிர்வளி குறையலாம். தாயின் உயிரே போகலாம். லாமோட்ரிஜின், லெவிடிராசிட்டம் போன்ற மாற்று மருந்துகள் உள்ளன. ஆனால், அவற்றுக்கு மாறுவதைக் கருத்தரிப்பதற்கு முன்பே, நரம்பியல் மருத்துவரின் மேற்பார்வையில் படிப்படியாகச் செய்ய வேண்டும். ஆபத்தான மருந்து என்று தெரிந்த பிறகும் சரியான முதல் செயல், அதை நிறுத்துவதன்று. அன்றே மருத்துவரைப் பார்ப்பது.

மற்ற நோய்களின் நிலையும் இதுவே. கருவின் தைராய்டு சுரப்பி தானே போதிய அளவு சுரக்கத் தொடங்கும்வரை தாயின் தைராய்டு சுரப்பைத்தான் கரு நம்பியிருக்கிறது. எனவே, தைராய்டு குறைபாடுள்ள தாய்க்கு மாத்திரையின் அளவைப் பெரும்பாலும் கூட்ட வேண்டியிருக்குமே அன்றி நிறுத்த வேண்டியதில்லை. ஆஸ்துமாவுக்கான உறிஞ்சு மருந்தை நிறுத்திவிட்டு மூச்சுத் திணறும் தாய், தன் சேய்க்கும் சேர்த்தே திணறுகிறார். தொடக்க வாரங்களில் கட்டுக்கடங்காத சர்க்கரையே பிறவிக் குறைபாட்டுக்குக் காரணமாகிறது, இன்சுலின் அன்று. காசநோய்க்கான முதல்நிலை மருந்துகளைக் கர்ப்பிணிகளும் உண்ணலாம். செவித்திறனைப் பாதிக்கும் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி மட்டுமே தவிர்க்கப்படுகிறது. ஹெச்ஐவி தொற்றுள்ள தாய் மருந்து உண்ணாவிட்டால் சேய்க்குத் தொற்றும் வாய்ப்பு 15 முதல் 45 விழுக்காடு வரை இருக்கிறது. முறையாக உண்டால் அது 5 விழுக்காட்டுக்கும் கீழே இறங்குகிறது. இங்கெல்லாம் மருந்துதான் கருவின் காவல்.

அச்சத்தின் விலை

மருந்தே உண்ணாத தாய்மார்களுக்குப் பிறக்கும் குழந்தைகளிலும் நூற்றில் ஏறத்தாழ மூன்று பெரிய பிறவிக் குறைபாட்டோடு பிறக்கின்றன. எந்த மருந்தின் ஆபத்தையும் இந்த அடிப்படைக் கணக்கோடு ஒப்பிட்டே மதிப்பிட வேண்டும். கனடாவின் டொராண்டோ நகரில் நடத்தப்பட்டு 1989இல் வெளியான ஆய்வு ஒன்றில், கருவுக்குத் தீங்கற்ற மருந்தை உண்ட பெண்களிடம், குழந்தைக்குக் குறைபாடு வர எவ்வளவு வாய்ப்பு இருப்பதாக நினைக்கிறீர்கள் என்று கேட்கப்பட்டது. அவர்கள் சொன்ன சராசரி 24 விழுக்காடு. உண்மைக்கும் அச்சத்துக்கும் இடையே எட்டு மடங்கு இடைவெளி.

இந்த இடைவெளி வெறும் எண்ணன்று. கருவுற்றது தெரியாமல் காய்ச்சலுக்கு மாத்திரை உண்டுவிட்டேன், மார்பில் எக்ஸ்ரே எடுத்துவிட்டேன் என்று கூறி, விரும்பிச் சுமந்த கருவையே கலைக்க வரும் பெண்கள் இருக்கிறார்கள். மார்பு எக்ஸ்ரே ஒன்றில் கருவைச் சென்றடையும் கதிர்வீச்சு, தீங்கு தொடங்கக்கூடிய அளவில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. இதை எடுத்துச் சொல்ல ஒருவர் இருந்திருந்தால் அந்தக் கரு பிழைத்திருக்கும்.

பாராசிட்டமாலுக்கும் மன இறுக்க நோயான ஆட்டிசத்துக்கும் தொடர்பு உண்டு என்று 2025 செப்டம்பரில் அமெரிக்க அதிபரின் வாயிலாகவே அறிவிப்பு வந்தபோது, உலகெங்கும் கர்ப்பிணிகள் கலங்கினர். அத்தகைய தொடர்பை நிறுவும் சீரான சான்று இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் உடனே விளக்கியது. சுவீடனில் பிறந்த ஏறத்தாழ 25 லட்சம் குழந்தைகளின் விவரங்களைக் கொண்டு 2024இல் வெளியான ஆய்வு, ஒரே தாயின் பிள்ளைகளை ஒருவரோடொருவர் ஒப்பிட்டுப் பார்த்து, தொடர்பு எதையும் காணவில்லை. மாறாக, தொடக்க வாரங்களில் வரும் கடும் காய்ச்சல் நரம்புக்குழல் குறைபாட்டுக்கு வழிவகுக்கலாம் என்பதற்குச் சான்றுகள் உள்ளன. காய்ச்சலுக்கும் வலிக்கும் கர்ப்பிணிகள் நாடத்தக்க முதல் மருந்து இன்றும் பாராசிட்டமால்தான். அதையும் மருத்துவரைக் கேட்டு, தேவையான அளவு, தேவையான நாள்கள் மட்டும் உண்ண வேண்டும்.

மருந்தல்லாத நச்சுகள்

கருவைத் தாக்குபவை மருந்துகள் மட்டுமல்ல. ஜப்பானின் மினமாட்டா நகரில், தொழிற்சாலைக் கழிவில் கலந்த பாதரசம் மீன் வழியே மக்களின் உடலில் சேர்ந்தது. அங்கே, தாம் பெரிய பாதிப்பு ஏதுமின்றி இருந்த தாய்மார்களும் மூளை பாதிக்கப்பட்ட குழந்தைகளைப் பெற்றனர். தாயின் உடலில் இருந்த பாதரசத்தைக் கருவின் மூளை வாங்கிக்கொண்டது. முகத்தை வெளுப்பாக்கும் சில களிம்புகளில் இன்றும் பாதரசம் கலக்கப்படுகிறது. உட்பொருள் அச்சிடப்படாத அத்தகைய களிம்புகளைக் கருத்தரிக்க விரும்பும்போதே கைவிட வேண்டும். மீன் நல்ல உணவு. அதை ஒதுக்க வேண்டியதில்லை. சுறா போன்ற பெரிய வேட்டை மீன்களைத் தவிர்த்து, மத்தி, நெத்திலி போன்ற சிறு மீன்களை உண்டால் போதும்.

புகைப்பது ஆண்களின் பழக்கம், எனவே நம் பெண்களுக்கு அக்கவலை இல்லை என்று எண்ணிவிட முடியாது. கணவர் வீட்டுக்குள் விடும் புகையைக் கருவும் சேர்ந்தே சுவாசிக்கிறது. வெற்றிலையோடு புகையிலை மெல்லும் பெண்கள் கிராமங்களில் இன்றும் உண்டு. மும்பையில் புகையில்லாப் புகையிலையைப் பயன்படுத்திய கர்ப்பிணிகளின் குழந்தைகள் சராசரியாக 105 கிராம் எடை குறைந்து பிறந்ததை 2004இல் வெளியான ஆய்வு காட்டியது. விறகடுப்பின் புகையும் குழந்தையின் எடையைக் குறைக்கும். மதுவைப் பொறுத்தவரை, கர்ப்ப காலத்தில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை. பூச்சிக்கொல்லி தெளிக்கும் வயலிலும், பழைய மின்கலங்களை உடைத்து ஈயம் பிரிக்கும் இடத்திலும் வேலை செய்யும் பெண்ணுக்கு 'தவிர்த்துக்கொள்' என்ற அறிவுரை மட்டும் உதவாது. கூலி குறையாமல் வேறு வேலை கொடுக்க வேண்டிய கடமை வேலை கொடுப்பவருக்கு உண்டு.

என்ன செய்ய வேண்டும்?

கர்ப்பிணிகளை மருந்து ஆய்வுகளில் பெரும்பாலும் சேர்ப்பதில்லை. ஆகவே, ஒரு மருந்து கருவை என்ன செய்யும் என்பது அது சந்தைக்கு வந்த பின்னர், உண்ட பெண்களைத் தொடர்ந்து கவனிப்பதன் மூலமே பெரிதும் தெரியவருகிறது. மருந்தின் பக்கவிளைவுகளைத் தெரிவிக்க இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டம் 2010 முதல் இயங்குகிறது. மருத்துவர்களும் செவிலியர்களும் மட்டுமல்லாமல் பொதுமக்களும் அதற்குத் தகவல் தரலாம். தாலிடோமைட் கொடுமையை வெளிக்கொணர்ந்ததும், குழந்தைகளைக் கவனித்துப் பார்த்துத் தாய் என்ன உண்டார் என்று கேட்ட மருத்துவர்கள்தாம்.

தமிழ்நாட்டில் இதற்கான அடித்தளம் ஏற்கெனவே இருக்கிறது. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின்கீழ் ரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. அவற்றைப் பெறுவோரில் குழந்தை பெறும் வயதுடைய பெண்களிடம், 'குழந்தை பெறும் எண்ணம் உண்டா?' என்று ஒரு கேள்வி கேட்டால், ஆகாத மாத்திரையை முன்கூட்டியே மாற்றிவிடலாம். லபெடலால், மெத்தில்டோபா, நிபெடிபைன் என்று கர்ப்பிணிக்கு உகந்த மருந்துகள் கைவசம் உள்ளன. 104 மருத்துவ உதவி எண்ணில், கர்ப்ப கால மருந்து ஐயங்களைத் தீர்க்கப் பயிற்சி பெற்ற மருந்தாளுநர்களை அமர்த்தலாம். கர்ப்பிணிகளுக்கு எச்சரிக்கை தேவைப்படும் மருந்தின் உறையில், கிராமத்துப் பெண்ணும் படித்தறியும்படி தமிழில் எழுதச் செய்யலாம். மருந்துக்கடைக்காரர் பெண்களுக்கு வலி மாத்திரை கொடுக்குமுன் 'கர்ப்பமாக இருக்கிறீர்களா?' என்று கேட்பது நாகரிகக் குறைவாகக் கருதப்படக் கூடாது. கேட்காமல் கொடுப்பதே குறையாகக் கருதப்பட வேண்டும்.

குடும்பத்தினர் செய்ய வேண்டியது எளிது. திருமணமான பெண் உண்ணும் மருந்துகள் அனைத்தையும், சித்த, ஆயுர்வேத மருந்துகள் உட்பட, ஒரு தாளில் எழுதி வைக்கலாம். குழந்தைக்குத் திட்டமிடும்போதே அத்தாளை மருத்துவரிடம் காட்டலாம். ரூபெல்லா தடுப்பூசி போட்டுக்கொண்டதில்லை என்றால், கருத்தரித்த பின் அதைப் போட முடியாது என்பதால், ஒரு மாதத்துக்கு முன்பே போட்டுக்கொள்ளலாம். மருமகளுக்கு வலிப்பு நோய் இருப்பதையோ மனநோய்க்கு மருந்து உண்பதையோ மறைக்க வேண்டிய நிலையை வீடு உருவாக்காதிருக்க வேண்டும். மறைத்து உண்ணப்படும் மாத்திரையைப் பற்றி மருத்துவரிடம் எவரும் கேட்க முடியாது; மறைத்து நிறுத்தப்படும் மாத்திரையைப் பற்றியும்தான். பப்பாளிக்குக் காவல் நிற்கும் அக்கறையில் சிறிது, அந்தப் பெண் தன் நோயை அச்சமின்றிச் சொல்லக்கூடிய வீடாக நம் வீட்டை ஆக்குவதற்கும் செலவாகட்டும்.